‘இடைவிட்ட பழுது’ என்னும் சொல் போதுமா? காற்றுத் தாங்கல் ஒன்றைப் பழுதுபார்த்த அனுபவத்திலிருந்து

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விட்டுவிட்டுத் தலைகாட்டும் பழுதைக் குறிக்கும் ‘இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்’ என்பதற்கு ‘இடைவிட்ட பழுது’ என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் முன்மொழிந்ததையும், ‘இடைவிட்டுத் தோன்றும் பழுது’ என்று அம்மையார் ஒருவர் அதைத் திருத்தியதையும் படித்தேன். ‘இடைவிடாத’ என்ற சொல் அன்றாடம் நம் நாவில் புழங்குவதால் அதன் மறுபக்கமான ‘இடைவிட்ட’ என்பது எவருக்கும் விளங்கும். ஒலியிலும் குறை இல்லை. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. பழுதுபார்ப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டிய இரண்டு வெவ்வேறு நிலைமைகளுக்கு இச்சொல் ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறது. அம்மையாரின் திருத்தம் இந்தச் சிக்கலைத் தொட்டுவிட்டு நின்றுவிட்டது என்றே கருதுகிறேன். இடைவிடுவது பழுதா, அதன் தோற்றமா என்ற கேள்வியை அது எழுப்புகிறது, விடை சொல்லவில்லை.

கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. என் மைத்துனரிடம் கரட்டுப் பாதைகளுக்கென்று செய்யப்பட்ட, இருபது ஆண்டைக் கடந்த வெளிநாட்டு வண்டி ஒன்று இருக்கிறது. சுருள்வில்லுக்கும் பட்டைக்கும் பதிலாக நான்கு சக்கரங்களின் மேலும் காற்றடைத்த ரப்பர் உறைகள் அதைத் தாங்குகின்றன. கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கிறது. வால்வு பிளாக் அதை வேண்டிய சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள உயர உணரி வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. ‘ஏர் சஸ்பென்ஷன்’ எனப்படும் இந்தக் காற்றுத் தாங்கல் புதிய நுட்பமன்று. 1957-இலேயே கேடிலாக்கின் உயர்விலைக் கார் ஒன்றில் காற்றுத் தாங்கல் இருந்தது. 1992-இல் ரேஞ்ச் ரோவரில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வந்தது. நம் ஊர்ப் பேருந்துகளிலும் இருக்கிறது. அதிகாலையில் பணிமனையில் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் பேருந்து, என்ஜினை இயக்கிய சில நிமிடங்களில் நிமிர்ந்துகொள்வதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். (‘சஸ்பென்ஷன்’ என்பதற்குத் ‘தொங்கல்’ வேண்டாம், ‘தாங்கல்’ போதும் என்று முன்பே முடிவு செய்தோம். பழவந்தாங்கலில் நீரைத் தாங்கியதும் ‘தாங்கல்’தானே என்று அப்போது ஒருவர் கேட்டார். ஏரிக்கும் வண்டிக்கும் ஒரே சொல் இருப்பதால் எவரும் குழம்பப் போவதில்லை.)

மைத்துனரின் வண்டி சில நாள் காலையில் தாழ்ந்து நிற்கும். சில நாள் நிமிர்ந்தே நிற்கும். வேகத்தடைகளின்மேல் ஏறி இறங்கும்போது எச்சரிக்கை விளக்கு சில வேளை எரியும். வண்டியை அணைத்து மீண்டும் இயக்கினால் விளக்கு அணைந்துவிடும். பணிமனை ஒன்றில் காட்டியபோது, ‘அப்பப்போ வர்ற ஃபால்ட்டு சார், கம்ப்ரசர் வீக்கு’ என்று சொல்லிக் கம்ப்ரசரை மாற்றினார்கள். மூன்று மாதத்தில் புதிய கம்ப்ரசரும் சூடேறி நின்றது. காற்று எங்கோ கசிந்துகொண்டே இருந்தால் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். சூடு எல்லை மீறியதும் காப்புச் சுவிட்ச் அதை நிறுத்தும். ஆறியபின் மீண்டும் ஓடும். ஆகவே அதுவும் ‘அப்பப்போ’ பழுதானதுபோலவே தோன்றும். உண்மையில் அது கசிவின் விளைவு. ஒரே சொல்லுக்குள் காரணமும் விளைவும் கலந்து கிடந்ததால், விளைவைத் தந்த பாகத்தைக் காரணம் என்று கருதி மாற்றிவிட்டார்கள். கலைச்சொல் தவறினால் கைக்காசும் போகும் என்பதை அன்று கண்டேன்.

பின்னர் புதுப்பேட்டையில் முப்பதாண்டாகப் பழைய வண்டிகளைப் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். வந்தவுடன் அவர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. ‘பாய், எந்தப் பக்கம் இறங்குதுன்னே தெரியலையே, நாலும்தானே இறங்குது?’ என்று கேட்டேன். ‘அதான் சார் பிரச்சினையே. ஒண்ணு இறங்கினா, மத்த மூணையும் பொட்டி சமமா இறக்கி வச்சிரும்’ என்றார். இத்தகைய வண்டிகள் பலவற்றில், நிறுத்தி வைத்திருக்கும்போதும் கட்டுப்பாட்டுப் பெட்டி இடையிடையே விழித்து, தாழ்ந்துபோன மூலைக்கு ஏற்ப மற்ற மூலைகளையும் தாழ்த்திச் சமன்செய்கிறது. கசியும் மூலையைக் கண்ணிலிருந்து மறைப்பது பெட்டியின் இந்தச் சமன்செய்யும் வேலைதான்.

அவர் அதற்குரிய ரிலேவைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்காட்டின் விளிம்புவரை டேப்பால் அளந்து, கண்ணாடியின்மேல் சாக்கட்டியால் எழுதினார். இரவு ஒன்பது மணிக்கு அளந்ததை விடியற்காலை ஆறு மணிக்கு மீண்டும் அளந்தபோது மூன்று மூலைகள் சில மில்லிமீட்டரே இறங்கியிருந்தன. முன்பக்க இடதுமூலை நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அந்தச் சில மில்லிமீட்டரைப் பழுதென்று எண்ணக்கூடாது. பகலில் 35 டிகிரியில் இருந்த காற்று இரவில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், தாங்கும் எடை மாறாத நிலையில் அதன் கனவளவு சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கும். சென்னையில் எந்த நல்ல வண்டியும் விடியலில் அந்த அளவு தாழவே செய்யும்.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்தின் மையம். வண்டியை வழக்கமான உயரத்துக்குத் தூக்கி, சவரத் தூரிகையால் சோப்பு நீரை முன்பக்க இடதுமூலையின் ரப்பர் உறைமேல் பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வண்டியைச் சற்றே தாழ்த்தினார். உறை, தன்னைக் கீழிருந்து தாங்கும் அடிக்கட்டையின்மேல் உருண்டு மடியும் இடம் மாறியது. மடிப்பின் விளிம்பில், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் எழுந்து ஒட்டிக்கொண்டன. வெடிப்பு எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது. வழக்கமான உயரத்தில் அது மடிப்புக்கு வெளியே, வளையாத பகுதியில் மூடியே கிடக்கிறது. இரவில் காற்று குளிர்ந்து வண்டி சில மில்லிமீட்டர் இறங்கியதும் வெடிப்பு மடிப்புக்கு வந்து திறக்கிறது. அதன்பின் வேகமாக இறங்குகிறது. குளிராத இரவில் நிமிர்ந்தே நிற்கிறது.

இதை ‘இடைவிட்ட பழுது’ என்பது எப்படிப் பொருந்தும்? பழுது ஒரு நொடியும் இடைவிடவில்லை. பெரியவர்கள் ‘முறைக்காய்ச்சல்’ என்றார்கள். காய்ச்சல் முறைவைத்து வந்து நீங்கியது, ஆனால் நோய் உடலை விட்டுப் போகவில்லை. அவர்கள் முறையைக் காய்ச்சலுக்குச் சூட்டினார்களே ஒழிய நோய்க்குச் சூட்டவில்லை. நாமும் அவ்வாறே, ஓட்டுநர் காண்பதைக் ‘கோளாறு’ என்றும் பாகத்தில் உறைவதைப் ‘பழுது’ என்றும் கறாராகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘வண்டி கோளாறு செய்கிறது’ என்கிறோம். ‘பழுது பார்த்தார்’ என்கிறோம். மக்கள் வழக்கு ஏற்கெனவே இந்தப் பிரிவுக்கு இடம் தந்திருக்கிறது.

இவ்வாறு எப்போதும் இருந்துகொண்டு, வேறொன்றால் மறைக்கப்படும் பழுதுக்கு ‘மூடுபழுது’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். மூடுவண்டி, மூடுபல்லக்கு என்னும் சொற்களின் வழியில் அமைந்தது இது. மூடுவது கம்ப்ரசராக இருக்கலாம், கட்டுப்பாட்டுப் பெட்டியாக இருக்கலாம், ரப்பர் உறை நிற்கும் நிலையாகவும் இருக்கலாம்.

கசிவைச் சரிசெய்து உறையை மாற்றிய பின்பும் வேகத்தடைகளில் விளக்கு எரிந்தது. அங்கே கிடந்தது வேறு வகைப் பழுது. உயர உணரிக்குள் ஒரு மின்தடைப் பட்டையும் அதன்மேல் உரசி நகரும் ஒரு நாக்கும் உள்ளன. வண்டி பெரும்பாலும் ஒரே உயரத்தில் ஓடுவதால் பட்டை அந்த இடத்திலேயே தேய்கிறது. மெக்கானிக் உணரியின் கையைக் கழற்றி, முள் உள்ள பழைய மீட்டரை இணைத்து, கையை மெல்ல அசைத்தார். எண்காட்டும் மீட்டர் இடைவெளிவிட்டே அளப்பதால் நொடிப்பொழுதுத் துண்டிப்பைத் தவறவிடும். முள் துள்ளிக் காட்டிவிடும் என்றார். அவ்வாறே நடுப்பகுதியில் முள் ஒருமுறை சட்டென்று விழுந்து எழுந்தது. அதே இடத்துக்கு மீண்டும் கொண்டுவந்தபோது விழவில்லை. மறுமுறை விழுந்தது. பத்து முறை அசைத்ததில் நான்கு முறை விழுந்திருக்கும். மழை நீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர்களும் இவ்வாறே நடந்துகொள்ளும். கடற்காற்று வீசும் திருவான்மியூர்ப் பக்கத்து வண்டிகளில் அவற்றை அடிக்கடி காண்பதாக அவர் சொன்னார்.

இங்கேதான் பழுதே வந்து மறைகிறது. இதற்கு ‘வந்துமறை பழுது’ என்பதை முன்வைக்கிறேன். வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்று பள்ளியில் படித்தோம். வந்து மறைந்த, வந்து மறைகின்ற, வந்து மறையும் என மூன்று காலத்துக்கும் பொதுவாக நின்று, எப்போது என்பதை மட்டும் சொல்லாமல் விடும் சொல்லமைப்பு, எப்போது வரும் என்று சொல்லவியலாத பழுதுக்கு மிகவும் இசைகிறது. குழுவில் வந்த ‘கண்ணாமூச்சிப் பழுது’ என்ற முன்மொழிவு இனியது; ஆயினும் ஒரே சொல் இரண்டு வகைக்கும் பொருந்திவிடுவதால் அதை ஏற்க இயலவில்லை.

உணரியின் தேய்வும் அதே இடத்தில் நிலையாக இருப்பதுதானே, அதுவும் மூடுபழுது ஆகாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். வெடிப்புள்ள உறையை அதே உயரத்துக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு முறையும் குமிழி வரும். உணரியின் நாக்கை அதே இடத்துக்குக் கொண்டுவந்தாலும் முள் ஒருமுறை விழும், ஒருமுறை விழாது. ஆகவே வரையறையைப் பின்வருமாறு எழுதலாம்: உரிய நிலைமையை மீண்டும் அமைத்தால் தவறாமல் வெளிப்படுவது மூடுபழுது, அமைத்தாலும் சில வேளை வெளிப்பட்டுச் சில வேளை வெளிப்படாதிருப்பது வந்துமறை பழுது. இரண்டில் எதனாலும் ஓட்டுநருக்குத் தோன்றுவது ‘விட்டுவிட்டு வரும் கோளாறு’. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை; விட்டுவிட்டுப் பெய்யும் மழையைப்போல எல்லோருக்கும் தெரிந்த வழக்கு இது.

ரப்பர் உறைக்கு ‘பெல்லோ’ என்றே பட்டறைகளில் சொல்கிறார்கள். ‘துருத்தி’ என்ற கொல்லுலைச் சொல்லை இதற்கு எடுத்தாளலாம் என்பது என் விருப்பம். ஆனால் துருத்தி காற்றை ஊதுவது, இவ்வுறையோ காற்றை அடைத்து வைத்துத் தாங்குவது. எனவே பொறியியல் பயிற்றுவிக்கும் உறுப்பினர்கள் தம் கருத்தை எழுதிய பின்பே அதைப் பட்டியலில் சேர்க்க எண்ணுகிறேன். ‘மூடுபழுது’ ஒரே சொல்லாகவும், ‘வந்துமறை பழுது’ இடைவெளி விட்டு இரண்டாகவும் எழுதப்பட வேண்டும் என்பது என் பரிந்துரை. மாற்றுக்கருத்து இருப்பின் இந்த இழையிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.