வீட்டில் அருமையாகக் கேட்கும் மாடலிங் ஆம்ப், டிரம்ஸ் ஆரம்பித்ததும் காணாமல் போகிறது: உதவி தேவை

கேட்டவர்:

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் ஆறு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். இவ்வளவு நாளும் கிட்டாரை நேராக சவுண்ட் மிக்சரில் செருகித்தான் வாசித்தேன். போன மாதம்தான் சொந்தமாக ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். 50 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வேறு ஆம்புகளைப் போல ஒலிக்க வைக்கிற ஆம்ப் மாடலும் எஃபெக்டும் உள்ளே நிறைய இருக்கிற டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்.

ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அறையில் வாசித்தால் அவ்வளவு நன்றாக இருக்கிறது. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு ப்ரீசெட்டை (சேமித்து வைக்கிற ஒலி அமைப்பை) செதுக்கினேன். அதை நம்பிப் போன ஞாயிறு ஆராதனைக்கு எடுத்துப்போனேன். டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு கீபோர்டு, பன்னிரண்டு பேர் பாடுகிறார்கள். முதல் பாட்டில் டிரம்ஸ் விழுந்ததும் என் கிட்டார் போன இடம் தெரியவில்லை. கை ஓடுகிறது, எனக்கே சத்தம் கேட்கவில்லை. வால்யூமைக் கூட்டினேன். முன்வரிசையில் இருந்த பாட்டிமார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாடியவர்கள், "தம்பி, கிட்டார் வாசிச்சியா?" என்று கேட்டார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்? ஆம்பில் கோளாறா, என்னிடமா? அடுத்த ஞாயிறுக்குள் சரிசெய்ய வேண்டும்.

மெல்லிசைக் குழுக்காரர்:

தம்பி, முதலில் உங்கள் ப்ரீசெட்டில் ஒவ்வொரு நாப்பும் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். ஆம்பின் பின்னால் பவரைக் குறைக்கிற சுவிட்ச் இருந்தால் அது எதில் இருக்கிறது? ஆம்பை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைத்தீர்கள்? கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அதிர்வைச் சிக்னலாக்குகிற பிக்கப் என்ன வகை?

கேட்டவர்:

அண்ணா, எல்லாம் பத்துக்கு: கெயின் (கரகரப்பைக் கூட்டுவது) 8, பேஸ் 7, மிட் (நடுப்பகுதி) 3, ட்ரெபிள் 7, ப்ரெசென்ஸ் (மேல்பகுதிக் கூர்மை) 8, ரிவெர்ப் (எதிரொலி) 5. கூட ஒரு டிலே (வாசித்ததைத் திரும்ப ஒலிக்கும் எஃபெக்ட்). ஆம்ப் மாடல் ஹை கெயின் வகை. சேனல் வால்யூம் 3, மொத்த வால்யூமான மாஸ்டரை மட்டும் ஏற்றி இறக்குவேன். பவர் சுவிட்ச் 25 வாட்டில் இருக்கிறது. பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), மற்ற இரண்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). ஆம்ப் என் காலுக்குப் பின்னால் தரையில், சபையைப் பார்த்து இருந்தது.

வேலூர் வாசகர்:

50 வாட்டெல்லாம் டிரம்ஸ் கூட நிற்காது ப்ரோ. அதை விற்றுவிட்டு 100 வாட் வாங்குங்கள்.

மெல்லிசைக் குழுக்காரர்:

அவசரப்பட்டு விற்க வேண்டாம் தம்பி. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல். கூடியது தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

வேலூர் நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. டிஜிட்டல் ஆம்பின் வாட்டும் வால்வ் (பழைய கண்ணாடிக் குழாய்) ஆம்பின் வாட்டும் மேடையில் ஒன்று இல்லை. ஃபெண்டர் கம்பெனி தன்னுடைய 22 வாட் வால்வ் ஆம்பான டீலக்ஸ் ரிவெர்பை டிஜிட்டலில் செய்தபோது உள்ளே 100 வாட் வைத்தார்கள். 85 வாட் ட்வின் ரிவெர்புக்கு 200 வாட். வால்வ் ஆம்ப் தன் அளவைத் தாண்டும்போது மெதுவாக நசுங்கி, இன்னும் சத்தமாகக் கேட்கிற மாதிரி ஒலிக்கும். டிஜிட்டல் ஆம்பின் பவர் பகுதிக்கு அந்தச் சலுகை கிடையாது, எல்லை வந்ததும் சட்டென்று கரகரக்கும். அதனால் வாட் கையிருப்பாக இருப்பது நல்லது. ஆனாலும் உங்கள் நாப்களைப் பார்த்தால் இருக்கிற 50 வாட்டே வீணாகப் போயிருக்கிறது. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

நீங்கள் அந்த ப்ரீசெட்டை மெல்லிய சத்தத்தில் செய்தீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகக் கொடுத்தார்கள். காதுக்குக் குறைவதை ஈடுகட்ட ராத்திரியில் பேஸ் 7, ட்ரெபிள் 7, ப்ரெசென்ஸ் 8 என்று ஏற்றினீர்கள். அதையே மேடை சத்தத்துக்குக் கொண்டுபோனால் காது தானாகவே பேஸையும் ட்ரெபிளையும் முழுசாகக் கேட்கத் தொடங்கிவிடும், நீங்கள் சேர்த்தது அதற்கு மேல் நிற்கும். கீழே பொம், மேலே ஸ்ஸ்.

அடுத்து மிட். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி இதுதான். தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் ஒலி பெரிதாக, பளபளப்பாக இருக்கும். குழுவில் கீழ்ப்பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம், மேல்பகுதி சிம்பலுக்குச் சொந்தம். கிட்டாருக்கு இருக்கிற ஒரே வீடு நடுப்பகுதி. அதையும் 3-க்கு இறக்கிவிட்டால் எங்கே போய் நிற்கும்? கோயிலில் நாதஸ்வரத்தைக் கேட்டிருப்பீர்கள். அதில் பேஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. பக்கத்தில் தவில் இடி இடிக்கிறது, ஆனாலும் மைக் இல்லாமலே தெருமுனை வரை ஒவ்வொரு சுரமும் கேட்கிறது. மிட்டை 6 அல்லது 7-க்குக் கொண்டுவாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி அசிங்கமாகத் தோன்றும், பயப்படாதீர்கள். டிரம்ஸ் சேரும்போது அந்த மூக்குதான் கிட்டாரை வெளியே நிறுத்தும்.

கெயின் 8 அதிகம். டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, ஏற ஏற ஒலி அலையின் தலை தட்டையாகிக்கொண்டே போகும். பிக் ஸ்ட்ரிங்கில் படுகிற அந்த 'டக்' போய்விடும். காது கிட்டாரைக் கண்டுபிடிப்பதே அந்த டக்கை வைத்துத்தான். ஒரு அளவுக்கு மேல் கெயினைக் கூட்டினால் சத்தம் கூடாது, இரைச்சல்தான் கூடும். 4, 5 போதும். ஆராதனைப் பாடல்களுக்கு 3 கூடப் போதும்.

சேனல் வால்யூம் 3 என்பதைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. பல மாடலிங் ஆம்புகளில் இது ஒலியின் குணத்தை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றும். அதை அடியில் வைத்துவிட்டு மாஸ்டரை மட்டும் ஏற்றினால் ஆம்ப் தன் முழு பலத்தைத் தொடவே தொடாது. சேனலை 7-க்கு ஏற்றிவிட்டு, மாஸ்டரால் மேடைக்கு வேண்டிய அளவை வையுங்கள். ஆம்ப் மாடலுக்குள்ளேயே இன்னொரு மாஸ்டர் இருந்தால் அது வேறு, வால்வ் பவர் பகுதி கரகரப்பதைப் போல நடிக்கிற நாப் அது. அதைத் தொட்டால் டோன் மாறும்.

பவர் சுவிட்சை 50-க்கு மாற்றுங்கள். 3 டெசிபல்தான், ஆனால் இலவசம்.

கடைசியாகப் பாட்டிமார் விஷயம். 12 அங்குல ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் அடிக்கும், பக்கவாட்டில் பரப்பாது. தரையில், உங்கள் காலுக்குப் பின்னால், சபையைப் பார்த்து வைத்தீர்கள். அந்த டார்ச் உங்கள் முழங்காலைத் தாண்டி நேராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் அடித்தது. உங்கள் காது ஐந்தடி உயரத்தில், பாடியவர்கள் பக்கவாட்டில். அவர்களுக்கும் உங்களுக்கும் வந்தது மந்தமான மிச்சம். ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, மேடை ஓரத்திலிருந்து உங்கள் தலையைப் பார்த்து வையுங்கள். தரையையும் சுவர் மூலையையும் விட்டு விலகினால் தேவையில்லாத பேஸும் தானாகக் குறையும்.

கேட்டவர்:

அண்ணா, படித்துவிட்டு இன்று மாலை ஆலயத்தில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பனை மட்டும் கூட்டிப்போய் முயற்சி செய்தேன். நாற்காலியில் ஏற்றியதும் முதல் ஸ்ட்ரோக்கிலேயே திடுக்கிட்டேன். என் ப்ரீசெட் உண்மையில் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று அப்போதுதான் என் காதுக்கு எட்டியது. அந்தப் பாட்டிமாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மிட்டை ஏற்றி, ப்ரெசென்ஸை 4-க்கு இறக்கினேன். நண்பன் முழு பலத்தோடு அடித்தபோதும் ஒவ்வொரு கார்டும் கேட்டது.

ஆனால் ஆலயம் நீளமானது, பின்வரிசைக்குப் போகவில்லை. மிக்சருக்குக் கொடுக்கலாம் என்று ஆம்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து சாதாரணக் கிட்டார் கேபிளால் இழுத்தேன். ஸ்பீக்கர் அணைந்துவிட்டது, மிக்சரில் ஒரே கரகரப்பு.

சவுண்ட் ஆபரேட்டர்:

இது என் வேலை என்பதால் நான் சொல்கிறேன். ஹெட்போன் அவுட் ஸ்டீரியோ. அதில் மோனோ கிட்டார் கேபிளைச் செருகினால் வலது பக்கச் சிக்னல் நேராகக் கிரவுண்டில் ஷார்ட் ஆகும். ஹெட்போன் சர்க்யூட்டுக்கு நல்லதில்லை, இனி அப்படிச் செருகாதீர்கள். பல ஆம்புகளில் அந்த ஓட்டையில் எதைச் செருகினாலும் ஸ்பீக்கர் அணையும், அது கோளாறு இல்லை. மிக்சருக்குக் கொடுப்பதற்கென்றே தனியாக லைன் அவுட் என்ற ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலிருந்து மிக்சரின் லைன் இன்புட்டுக்குக் கொடுங்கள், மைக் இன்புட்டுக்கு அல்ல. சேனல் கெயினை முழுசாக இறக்கிவிட்டு மெதுவாக ஏற்றுங்கள்.

அந்த லைன் அவுட்டில் கேபினட் சிமுலேஷன், அதாவது கிட்டார் ஸ்பீக்கரைப் போல நடிக்கிற வசதி, ஆனில் இருக்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்சுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும், டிஸ்டார்ஷனின் முள்ளை எல்லாம் அதுதான் வடிகட்டுகிறது. ஆலயத்தின் பெரிய ஸ்பீக்கர் அப்படி எதையும் வடிகட்டாது. சிமுலேஷன் இல்லாமல் கொடுத்தால் டின்னுக்குள் தேனீ மாட்டியது மாதிரி இருக்கும். நான் என்றால் மிக்சரில் கிட்டாருக்கு 100 ஹெர்ட்சுக்குக் கீழேயும் வெட்டிவிடுவேன். கிட்டாரின் தடித்த ஸ்ட்ரிங்கே 82 ஹெர்ட்ஸ்தான், அங்கே பேஸ் கிட்டார் ஏற்கெனவே இருக்கிறார்.

லைன் அவுட் இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒரு மைக்கை ஸ்பீக்கர் வலைக்கு இரண்டு விரல் தள்ளி வையுங்கள். எஸ்எம்57 என்ற மைக் இருந்தால் நல்லது, ஆலயத்தில் பாடுகிற மைக்கே கூடப் போதும். ஸ்பீக்கரின் நடுவில் நேராக வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் மந்தம். ஸ்பீக்கர் நடுவில் இருக்கிற வட்டமான நடுமூடியின் விளிம்பில் ஆரம்பித்து ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்திக் கேளுங்கள். எந்த ஈக்வலைசரையும் விட இந்த ஒரு அங்குலம் அதிகம் மாற்றும்.

கேட்டவர்:

லைன் அவுட் இல்லை அண்ணா, மைக் வைத்தேன். டார்ச் லைட் அடித்துப் பார்த்தால்தான் வலைக்குப் பின்னால் நடுமூடி எங்கே என்று தெரிகிறது, அதனால் வலையில் சின்னதாக ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன். இனி ஒவ்வொரு வாரமும் அதே இடம்.

நேற்று ஆராதனை முடிந்தது. கெயின் 4, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5, ப்ரெசென்ஸ் 4, ரிவெர்ப் 2. ஆலயத்திலேயே எதிரொலி நிறைய இருப்பதால் ரிவெர்பைக் குறைத்தேன். பின்வரிசை வரை கேட்டதாகச் சொன்னார்கள். ஒரே குறை, நடுவில் வருகிற சோலோ. ஆம்புக்கு முன்னால் இருக்கிற, சிக்னலைக் கூட்டும் பூஸ்ட் பெடலை அழுத்தினேன், சத்தம் கூடவில்லை, கரகரப்புதான் கூடியது.

மெல்லிசைக் குழுக்காரர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. பூஸ்ட் ஆம்புக்கு முன்னால் இருந்தால் அது கெயினைத்தான் கூட்டும், ஏற்கெனவே நசுங்கிய ஒலி இன்னும் நசுங்கும். ஆம்ப் மாடலுக்குப் பின்னால் வைக்க வேண்டும். உங்கள் ஆம்பில் எஃபெக்ட் லூப் (ஆம்ப் மாடலுக்குப் பின்னால் பெடலைச் சேர்க்கும் இணைப்பு) இருந்தால் பெடலை அதில் போடுங்கள். இல்லையென்றால் அதே ப்ரீசெட்டை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து, சேனல் வால்யூமை மட்டும் கொஞ்சம் ஏற்றி, மிட்டை ஒரு புள்ளி கூட்டி, சோலோ என்று சேமியுங்கள். 3, 4 டெசிபல் கூடினால் போதும். அளவை டிரம்ஸ் ஓடும்போது வையுங்கள், வீட்டில் வைக்காதீர்கள்.

கேட்டவர்:

செய்கிறேன் அண்ணா. இன்னொன்று: சிங்கிள் காயில் பிக்கப்புக்கு மாறினால் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார்.

சவுண்ட் ஆபரேட்டர்:

எடுக்கவே கூடாது தம்பி. உங்கள் ஸ்ட்ரிங்குகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்பில் ஏதாவது லீக் ஆனால், ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்ட நொடியில் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் போகும். உயிர் போகிற விஷயம். சிங்கிள் காயில் ஹம் பெரும்பாலும் காற்றில் வருவது: ட்யூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், மிக்சரின் அடாப்டர். நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் ஹம் கிட்டத்தட்ட அடங்கும். அந்தத் திசையில் நின்று வாசியுங்கள். பல கிட்டார்களில் பிக்கப் சுவிட்சின் 2-வது, 4-வது நிலையிலும் ஹம் அடங்கும், அதையும் சோதியுங்கள்.