68 வயதில் ஜிம் சரிப்படுமா?

அப்பாவுக்கு 68. பிபிக்கு அட்டெனோலால் சாப்பிடுகிறார். நடைப்பயிற்சி மட்டும் போதுமா, ஜிம்மில் சேர்க்கலாமா?

பதில் 1: டாக்டர் சரியென்றால் தாராளமாகச் சேர்க்கலாம். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடைத் தசை கரைவதை அது மட்டும் தடுக்காது. 65 தாண்டியவர்களுக்கும் வாரம் 2 நாள் தசைப்பயிற்சி வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மெஷினில் தொடங்குங்கள்: காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் ரோ. 12 முறை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு முறை முடியும் என்கிற எடை போதும். தூக்கும்போது மூச்சை விடணும். தம் கட்டினால் பிபி சட்டென்று ஏறும், ஆபத்தே அதில்தான்.

பதில் 2: அட்டெனோலால் நாடித்துடிப்பை அடக்கி வைக்கும். டிரெட்மில் காட்டும் துடிப்பு எண்ணை நம்பாதீர்கள். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பயிற்சியைச் சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், கடைசி 5 நிமிடம் மெதுவாக நடக்கட்டும்.

பதில் 3: எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் (ஆஸ்டியோபோரோசிஸ்), படுத்து எழும் சிட்-அப் வேண்டாம். குனியும்போது முதுகெலும்பு நொறுங்கலாம். 'நோ பெயின் நோ கெயின்' என்று கத்தும் டிரெய்னரும் வேண்டாம்! நெஞ்சை அடைத்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரி.