பழைய மைப்பேனாவைத் தபாலில் இரவல் அனுப்புகிறவர்கள் யாராவது உண்டா?

சாரல்_கோத்தகிரி:

வணக்கம். வீட்டில் பழைய மைப்பேனாக்கள் சில இருக்கின்றன. மாமனார் டீ எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதியவர். அவருடைய பார்க்கர் 51 ஒன்று (உள்ளே உலோக உறைக்குள் இருக்கும் பையை அழுத்தி மை ஏற்றுகிற வகை), பக்கவாட்டில் லீவர் வைத்த செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) ஷீஃபர் ஒன்று, ஃபில்லரால் மை ஊற்றுகிற கறுப்பு எபோனைட் பேனாக்கள் இரண்டு. ஷீஃபரைத் தவிர எல்லாம் இன்றைக்கும் எழுதுகின்றன.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், கோவை என்று ஆளுக்கு ஒரு ஊரில் இருக்கும் பேனாப் பிரியர்கள் சிலர் பேசிக்கொண்டோம். ஒருவரிடம் இருக்கும் பழைய பேனாவை இன்னொருவர் ஒரு மாதம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவது, கடைசியில் சொந்தக்காரரிடமே அது வந்து சேர வேண்டும், இவ்வளவுதான் ஏற்பாடு. எல்லோராலும் எல்லாப் பேனாவையும் வாங்க முடியாது. படத்தில் பார்ப்பதும் நாலு பக்கம் எழுதிப் பார்ப்பதும் ஒன்றல்ல, அதனால் எனக்கு இதில் ரொம்ப ஆசை.

ஆனால் பயமும் இருக்கிறது. கீழேயிருந்து மேலே வரும்போது சட்டைப் பையில் இருக்கிற பேனாவே மை கக்குகிறது, தபால் மூட்டைக்குள் என்ன ஆகும்? உடையாமல் எப்படிக் கட்டுவது? முன்பணம் வாங்கலாமா, வாங்கினால் தப்பாக நினைப்பார்களா? அப்புறம் வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், பேனாவை அடுத்தவர் கையில் கொடுத்தால் நிப் அவர் கைக்குப் பழகிவிடும், திரும்பி வந்தபிறகு நமக்கு எழுதாது என்று. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நிஜமா?

உதகை_ஃபில்லர்:

மை கக்குவதை முதலில் பார்த்துவிடலாம், மலையில் இருக்கிற நமக்கு அதுதான் பெரிய விஷயம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும், ஊட்டியில் இருப்பது கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கீழே மூடிய பேனாவுக்குள் அடைபட்ட காற்று மேலே வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட கால் பங்கு விரிகிறது. அதற்குப் போக வேறு வழி இல்லாததால் மையைத் தள்ளிக்கொண்டு நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு வழியாக மூடிக்குள் வந்துவிடும். அதனால்தான் முழுக்க மை நிரப்பிய பேனா கம்மியாகக் கக்கும், பாதி காலியான பேனா அதிகமாகக் கக்கும். நீங்கள் பையில் வைத்துக்கொண்டு வரும்போது நிரப்பி, நிப் மேலே பார்க்கிற மாதிரி வைத்தால் சமாளிக்கலாம். தபால் மூட்டை எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? எனவே தபாலில் போகிற பேனாவில் ஒரு சொட்டு மைகூட இருக்கக் கூடாது.

மை இல்லை என்றால் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். பார்க்கர் 51-இல் இது லேசில் முடியாது. அதன் நிப் பேனாவின் முன்முனையான மூக்குக்குள் ஒளிந்திருக்கிறது, நிப்பைச் சுற்றி உள்ளே அடுக்கடுக்காக ஒரு மைதாங்கி இருக்கிறது, அதில் நிறைய மை தங்கும். பையை அழுத்தி அழுத்திப் பச்சைத் தண்ணீரில் கழுவுவீர்கள், வெளியே வருகிற தண்ணீர் தெளிந்துவிடும், சரி முடிந்தது என்று மூக்கை ஒரு டிஷ்யூவில் ஒற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி நீலமாக ஒரு வட்டம் ஊறி நிற்கும். அந்த வட்டம் வெறும் தண்ணீர்க் கறையாக ஆகிறவரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பிறகு மூக்கை டிஷ்யூவில் சுற்றி, கீழ்நோக்கி ஒரு டம்ளரில் நிறுத்தி வையுங்கள். ஜூலை ஆகஸ்டில் இங்கே துணியே காயாது, பேனா மட்டும் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடுமா, கூட ரெண்டு நாள் விடுங்கள். வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் கிட்டேயே வேண்டாம். 51-இன் உடம்பு அக்ரிலிக், ஸ்பிரிட் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும்.

எபோனைட் பேனாவை முழுசாகத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சுட்டுச் செய்கிற பொருள் அது, தண்ணீரும் வெயிலும் சேர்ந்தால் கறுப்பு போய்ப் பழுப்பு தட்டிவிடும். உள்பக்கத்தை மட்டும் ஃபில்லரால் தண்ணீர் விட்டு அலசினால் போதும்.

கட்டுவதற்கு நான் ஹார்டுவேர் கடையில் ஒரு இஞ்ச் பிவிசி பைப் வாங்கி, பேனாவைவிட ஒரு விரற்கடை நீளமாக அறுத்து வாங்கிக்கொள்வேன். பேனாவைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி உள்ளே நுழைத்து, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து, மூடி போட்டு டேப் ஒட்டுவது. பசை போடாதீர்கள், வாங்குகிறவர் ரம்பம் தேட வேண்டிவரும். ரப்பர் பேண்டும் வேண்டாம், ரப்பரில் இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், செல்லுலாய்டில் கறை ஏற்றும். அந்தக் குழாயைக் கெட்டி அட்டைப்பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். காதோரம் வைத்துக் குலுக்கும்போது சத்தமே வரக் கூடாது.

கொடை_மைக்கூடு:

ஊட்டி நண்பர் சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். கொடைக்கானலுக்கும் அதே கதைதான், வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறுவதற்குள் பேனா தன் வேலையைக் காட்டிவிடும்.

நான் தபால் முறையைப் பற்றியும் கொடுக்கல் வாங்கல் பற்றியும் சொல்கிறேன். பதிவுத் தபால் என்று தனியாக இப்போது கிடையாது, 2025-இல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனவே ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள், பெயர் உள்ளவர் கையிலேயே கொடுக்கிற பதிவு வசதியையும் ஓடிபி சொல்லி வாங்குகிற வசதியையும் கவுண்டரில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்வதில்லை. இன்ஷூரன்ஸும் கேளுங்கள். எஸ்டேட் லயன் வீடுகளுக்கும் ஒற்றை பங்களாக்களுக்கும் தனியார் கூரியர் சரிப்படாது. ஒரு கூரியர்காரர் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த பார்சலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் வைத்துவிட்டு 'டெலிவரி ஆகிவிட்டது' என்று போட்டுவிட்டார். தபால்காரருக்கு நம் வீடு தெரியும், நம் முகமும் தெரியும்.

முன்பணம் என் கருத்தில் வேண்டாம். பழைய பேனாவுக்கு விலை யார் போடுவது? நீங்கள் ஒரு தொகை சொன்னால், தொலைந்தால் அந்தத் தொகையோடு கணக்குத் தீர்ந்தது என்று ஆகிவிடுகிறது, அது உங்கள் மாமனாரின் பேனாவுக்கு நியாயமில்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பேனா மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுடையது அவரிடம் இருக்கும்போது அவருடையது உங்களிடம் இருக்கட்டும். இரண்டு பேருமே பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வார்கள், பணப் பேச்சே வராது.

ஆனால் எழுத்தில் ஒன்று இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் பேனாவைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். நிப்பின் இரண்டு பற்கள் நேராகத் தெரிகிற மாதிரி ஒன்று, மூடியின் வாய் விளிம்பு ஒன்று. மூடி விளிம்பில்தான் மயிரிழை வெடிப்பு முதலில் வரும், அது போன இடத்தில் வந்ததா முன்பே இருந்ததா என்பதில்தான் நல்ல சிநேகிதர்களே மனம் கசந்து போவார்கள். பேனாவோடு ஒரு சின்ன நோட்டும் சுற்றில் போகட்டும். வந்தபோது எப்படி இருந்தது, என்ன மை போட்டேன், எப்போது கழுவினேன் என்று ஒவ்வொருவரும் அந்தப் பேனாவாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டால், சுற்று முடிந்து உங்களிடம் வரும்போது அந்த நோட்டே ஒரு சொத்து.

நிப்_கோவை:

அக்கா, வீட்டுக்காரர் சொன்னதுக்கு வர்றேன். பழைய நிப்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறது எனக்குப் பொழுதுபோக்கு, அதனால் இதை நிறைய பேர் கேட்பார்கள்.

ஒரு மாதத்தில் நிப் யார் கைக்கும் பழகாது. தங்க நிப்போ எஃகு நிப்போ, காகிதத்தைத் தொடுகிற நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு மணி இருக்கும், இரிடியம் என்று நாம் சொல்வது. உண்மையில் அது இரிடியம், ஆஸ்மியம், ருத்தீனியம் போன்ற உலோகங்களின் கலவை, தங்கத்தைவிடப் பல மடங்கு கடினம். அது ஒருவர் கைக்கோணத்துக்கு ஏற்பத் தேய வருஷக்கணக்கில் தினமும் எழுத வேண்டும். உங்கள் மாமனார் அப்படி எழுதியிருப்பார், அந்தத் தேய்மானம் அதில் இருக்கும். இன்னொருவர் ஒரு மாதம் எழுதுவதால் அது அழியாது. ஒருவேளை பள்ளிக்கூடத்தில் மணி இல்லாத மலிவு நிப் இருந்த காலத்தில் அந்தப் பேச்சு வந்திருக்கலாம், அந்த நிப் சீக்கிரமே தேயும்.

கெடுவது அழுத்தத்தால். பால்பாயிண்ட்டில் எழுதிப் பழகினவர் கையில் மெல்லிய தங்க நிப்பைக் கொடுத்தால் பற்கள் விரிந்து மேலே வளைந்துவிடும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். அந்த வகையில் 51-தான் இரவல் கொடுக்க நல்ல பேனா. நிப் விறைப்பானது, மூக்குக்குள் பத்திரமாக இருக்கிறது. 1941-இல் வந்த பேனா, நீங்கள் சொல்கிற அழுத்துகிற வகை 1948-இலிருந்து. அதில் இருக்கிற பை ரப்பர் இல்லை, ஒரு வகை பிளாஸ்டிக், பெரும்பாலும் இன்றைக்கும் கெடாமல் இருக்கும்.

ஷீஃபரை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். உள்ளே ரப்பர் பை காய்ந்து மொரமொரவென்று ஆகியிருக்கும், யாராவது தெரியாமல் லீவரைத் தூக்கினால் பையும் போகும், சில சமயம் லீவரும் போகும். புதுப் பை போட்டபிறகு யோசிக்கலாம். செல்லுலாய்டை பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் அடைத்தும் வைக்காதீர்கள், நிறம் மாறும்.

மை விஷயத்தில் கறாராக இருங்கள். ராயல் ப்ளூ மாதிரி தண்ணீரில் கரைந்து போகிற சாதாரண மை மட்டும், பிரில், க்விங்க் எதுவானாலும் சரி. மினுமினுப்பு மை, அழியாத மை வேண்டாம். படம் வரைகிற இந்தியன் இங்க் ஊற்றவே கூடாது, அதில் அரக்கு இருக்கிறது, நாக்கில் காய்ந்து உட்கார்ந்தால் கதை முடிந்தது. மையைத் தபாலில் அனுப்பாதீர்கள், அவரவர் ஊரில் வாங்கிக்கொள்ளட்டும்.

குன்னூர்_கடிதம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நிப் நண்பர் 51-ஐ அனுப்பலாம் என்கிறார், பேனா என்ற அளவில் சரிதான். 51 எவ்வளவோ செய்யப்பட்ட பேனா, தொலைந்தால் இன்னொன்று தேடி வாங்கலாம். உங்கள் மாமனார் செக்ரோல் (எஸ்டேட் தொழிலாளர்களின் வருகை, கூலிப் பதிவேடு) எழுதிய 51 ஒன்றுதான் இருக்கிறது. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், எந்த வசதியைக் கேட்டு வாங்கினாலும், ஒரு பார்சல் தொலைவதற்கு ஒரு நாள் போதும். உங்கள் வீட்டில் அதை அவருடைய பேனாவாகப் பார்க்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள், வீட்டுக்காரருக்கு அது அப்பா பேனா. அவர் நிப்பைப் பற்றிச் சொன்னதில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம்.

எபோனைட் பேனாவில் ஒன்றைச் சுற்றில் விடுங்கள், 51-ஐ எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோத்தகிரிக்கு வரட்டும். குன்னூரிலிருந்து பஸ்ஸில் நான் வருகிறேன்.

இன்னொன்று, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை எதையும் அனுப்பாதீர்கள். வடகிழக்கு மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் எங்கேயாவது மண் சரிந்தால் தபால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, நின்ற இடத்தில் நனையவும் செய்யும். மற்ற மாதங்களில் திங்கட்கிழமை போடுங்கள், சனி ஞாயிறு எந்த ஆபீசிலும் கிடக்காது.

சாரல்_கோத்தகிரி:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். 51 இங்கேயே இருக்கும், யார் வந்தாலும் மேஜையில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் எழுதலாம். குன்னூர் அக்கா, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எபோனைட் பேனா ஒன்று சுற்றில் போகிறது, முதலில் கொடைக்கானலுக்கு. அவர் பதிலுக்குத் தன் பெலிக்கன் 400-ஐ அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. நோட்டும் வாங்கியாகிவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும். அந்த எபோனைட் பேனா ஜனவரிக் காலையில் எழுதும்போது சில நேரம் பொட்டென்று ஒரு சொட்டு விடும். கொடைக்கானலிலும் குளிர்தானே, அங்கேயும் விடுமா? நான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டுமா?

உதகை_ஃபில்லர்:

எழுதி வையுங்கள், அங்கேயும் விடும். குளிர்ந்த பேனாவை எடுத்து உள்ளங்கைச் சூட்டில் பிடித்தால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து மையைத் தள்ளும், மை ஊற்றுகிற பேனாவில் காற்றுக்கு இடம் அதிகம் என்பதால் சொட்டே விழுந்துவிடுகிறது. மை பாதிக்குக் கீழே போகவிடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். எழுத உட்காரும் முன் நிப்பை மேலே பார்த்துப் பிடித்து ஒரு நிமிஷம் கையில் வைத்திருங்கள், சூடான காற்று நிப் வழியாகவே வெளியேறிவிடும்.

மரையில் சிலிகான் கிரீஸ் ஒரு துளி தடவி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கழுத்துப் பக்கம் கசியும். வாசலின் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது. கொடைக்குப் பிறகு ஊட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள், என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.