அத்தை அனுப்பிய விவாகரத்து வீடியோ

முலுண்ட் அத்தை: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்ட வீடியோ) அந்த நடிகர் விவாகரத்துக்கு உண்மையான காரணம் இதுதானாம். கடைசி வரை பாருங்கள்.

செம்பூர் பெரியப்பா: பார்த்தேன். அந்தப் பொண்ணு முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

நான்: பெரியப்பா, 2020லும் இதே குழுவில் இதையேதான் எழுதினீர்கள், தேடிப் பார்த்துவிட்டேன். அப்போது, இறந்துபோன இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் காதலி ரியா சக்ரவர்த்தி முகம். போதைப்பொருள் வழக்கு என்று பிடித்துப் பைகுலா ஜெயிலில் 28 நாள் வைத்தார்கள், ஆனால் நம் வீட்டு டிவியில் அவர் கொலைகாரியாகவே இருந்தார். 2025 மார்ச்சில் சிபிஐ, சுஷாந்த் சாவில் சதி எதுவும் இல்லை என்று வழக்கை முடிக்க அறிக்கை கொடுத்தது. அன்றைக்குக் குழுவில் என்ன வந்தது தெரியுமா? குட் மார்னிங் ரோஜாப்பூ.

செம்பூர் பெரியப்பா: ஊரே சொன்னது, நானும் சொன்னேன். நெருப்பில்லாமல் புகையுமா?

தாராவி மாமா: புகை போட்டவர்களே டிவிக்காரர்கள்தானே அண்ணாச்சி. அந்த வருஷம் ஆகஸ்ட் 31ஆம் தேதி ஜிடிபி 23.9 சதவீதம் விழுந்தது என்று அரசாங்கமே சொன்னது, என் லெதர் பட்டறையில் மிஷின் ஓட்ட ஆள் இல்லை, பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், டிவியைப் போட்டால் ஒரு பொண்ணு போன காருக்குப் பின்னால் மைக்கோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான்: செப்டம்பரில் பீகார் பாஜக சுஷாந்த் படம் போட்டு ஸ்டிக்கரே அடித்தது, மறக்கவும் மாட்டோம், மறக்கவும் விடமாட்டோம் என்று. அடுத்த மாதமே அங்கே தேர்தல் ஓட்டுப்பதிவு. செத்துப்போன ஒருவரின் படத்தையும் விடவில்லை.

செம்பூர் பெரியப்பா: சரி, நாலு நாளாகத்தான் குழுவில் அரசியல் எழுதுகிறாய், அதற்குள் எனக்குப் பாடமா? மீடியா சத்தம் போடவில்லை என்றால் பெரிய இடத்துக் கேஸ் எல்லாம் அமுங்கிப்போகும். டெல்லி மாடல் ஜெசிகா லால் கொலையில் 2006இல் எல்லாரையும் விடுதலை செய்தார்களே, அதே வருஷம் டெல்லி ஹைகோர்ட் தண்டனை கொடுத்தது யார் போட்ட சத்தத்தில்?

நான்: அது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே சாட்சிகள் பல்டி அடித்த கதையை ரகசிய கேமரா வைத்துத் தோண்டினார்கள். வேலை செய்தார்கள் பெரியப்பா. முகத்தைப் பார்த்துக் குறி சொல்லவில்லை. பாம்பே ஹைகோர்ட்டும் 2021 ஜனவரியில், விசாரணை நடக்கும்போதே மீடியா தனியாக விசாரணை நடத்துவது நீதிக்குக் குறுக்கே நிற்பது என்று தீர்ப்பு எழுதியது.

அண்ணி: ஷாருக் மகன் விஷயத்தில் நானும் வாயை விட்டேன், வளர்ப்பு சரியில்லை என்று. 2021 அக்டோபரில் போதைப்பொருள் வழக்கில் பிடித்தார்கள், அடுத்த மே மாதம் ஆதாரம் இல்லை என்று குற்றப்பத்திரிகையில் பெயரே இல்லை. அவனுக்காவது அப்பாவிடம் காசு இருந்தது.

நான்: காசில்லாத ஆள் கதையும் இருக்கிறது அண்ணி. 2025 ஜனவரியில் சைஃப் அலி கானை பாந்த்ரா வீட்டில் குத்திய இரண்டாவது நாள், சத்தீஸ்கர் துர்க் ஸ்டேஷனில் ஒரு டிரைவரை ரயிலிலிருந்து இறக்கிச் சந்தேகத்தில் பிடித்தார்கள், போட்டோ எல்லா சானலிலும் ஓடியது. ஆள் அவர் இல்லை என்று விட்டுவிட்டார்கள். பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர். வேலையும் போனது, பெண் வீட்டாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

முலுண்ட் அத்தை: ஐயோ பாவம். அந்தப் பையனுக்கு அப்புறம் கல்யாணம் ஆனதா?

நான்: அந்தக் கேள்வியை டிவியில் கேட்டால் தேவலை அத்தை.

தாராவி மாமா: ஞாயிறு செட்டா நகர் முருகன் கோயிலுக்கு யார் யார் வருகிறீர்கள்? குர்லாவில் ஹார்பர் லைன் ரயிலுக்கு மாற வேண்டும், தண்டவாள வேலைக்கு ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கும், முன்னாலேயே சொல்லுங்கள்.

முலுண்ட் அத்தை: நான் வருகிறேன். கண்ணா, நீ சொன்னதும் மனசு கேட்கவில்லை, வீடியோவை எல்லாருக்கும் டெலிட் போட்டுவிட்டேன்.

செம்பூர் பெரியப்பா: அதை நான் காலையிலேயே எங்கள் சொசைட்டி குழுவுக்கு அனுப்பிவிட்டேனே.