மறு: மாதிரி ரயிலில் 'வெதரிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

புது மாதிரி வண்டியை, ஓடித் தேய்ந்து அழுக்கும் துருவும் ஏறிய நிஜ வண்டிபோல் தெரியும்படி வண்ணம் தீட்டுவதைத்தான் ஆங்கிலத்தில் 'வெதரிங்' என்கிறார்கள். அதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: வானிலைச் சிதைவு, பழமையூட்டல், அழுக்கேற்றல், நாட்படுத்தல். கொழும்பு நண்பர் அங்கே பாடநூல்களில் வழங்கும் 'வானிலையாலழிதல்' என்பதையும் சேர்த்திருக்கிறார். வாக்கெடுப்புக்குப் போகும் முன், இந்த வேலையில் உண்மையில் என்ன செய்கிறோம் என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

> புவியியலில் ஏற்கெனவே சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அந்தச் சொல் பாறை சிதைவதைக் குறிப்பது. பாறை இருந்த இடத்திலேயே கிடக்கிறது. வெயிலும் மழையும் பனியும் அதைத் தேடி வருகின்றன. சரக்கு வேகனின் கதை வேறு. போருக்குப் பின் பிரிட்டனில் லட்சக்கணக்கில் ஓடிய 16 டன் நிலக்கரி வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி ரயில்காரர்கள் கைபழகுவதற்கு முதலில் எடுப்பது பெரும்பாலும் இதைத்தான். இரும்புத் தகட்டுத் தொட்டி, நாலு சக்கரம், மேலே மூடி கிடையாது. 1:76 அளவில் பெட்டியின் நீளம் 66 மில்லிமீட்டர்தான். வேக்வம் பிரேக் இல்லாத வண்டிக்குச் சாம்பல் நிறம். பக்கவாட்டில் ஒரு வெள்ளைச் சாய்கோடு. எந்த முனையில் கதவு இருக்கிறதோ அந்த முனையை நோக்கிக் கோடு மேலேறும். வேகனைத் தூக்கிச் சாய்த்துக் கரியைக் கொட்டுகிறவருக்கு அது அடையாளம்.

இந்த வண்டி கொஞ்ச காலம் ஓடிய பிறகு எப்படி இருக்கும்? முதலில் உள்பக்கம். ஒவ்வொரு முறையும் கரி விழுந்து உரசுவதால் அங்கே பெயிண்ட் சீக்கிரமே போய்விடும். ஈரக் கரியில் உள்ள கந்தகம் தகட்டை அரிக்கும். அதனால் துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. தகடு சேரும் ஓரங்களிலும் கதவுக் கீல்களிலும் முதலில் தலைகாட்டும். வெளியே கண்டபடி துருவை அப்பிவிட்டு, உள்ளே கடையில் வாங்கிய சாம்பல் நிறத்தை அப்படியே விட்டிருக்கும் மாதிரிகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் அடிச்சட்டம். வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை சக்கரத்தில் தேய்ந்து கிளப்பும் தூள், சட்டத்திலும் ஸ்பிரிங்கிலும் பழுப்பாகப் படியும். சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டியில் கசியும் எண்ணெய் அந்தத் தூளைப் பிடித்துக்கொண்டு கறுப்பாக இறுகும். தண்டவாளத்தைத் தொட்டு உருளும் சக்கர விளிம்பு மட்டும் பளபளவென்று இருக்கும். தூரிகை அங்கே போகவே கூடாது. போனால் தோற்றமும் கெடும், எஞ்சினாக இருந்தால் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியே மின்சாரமும் ஏறாது. இவை போக, பழுதுபார்த்து மாற்றிய ஒரு தகடு மட்டும் புதிதாகத் தெரியும். யார்டில் யாரோ சாக்பீஸால் கிறுக்கிய குறிப்பு ஒன்றும் இருக்கும்.

இதில் வானிலையின் பங்கு எவ்வளவு? மழைநீர் துருவைக் கோடு கோடாகக் கீழே இழுத்து வருகிறது, வெயில் சாம்பல் நிறத்தை வெளிற வைக்கிறது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த வண்டி வேலை செய்த தடம்.

நம் ஊர் வண்டிகளில் இது இன்னும் தெளிவு. டிப்ளர் இயந்திரத்தில் பிடித்துக் கவிழ்க்கப்படும் பாக்ஸ்-என் என்ற திறந்த சரக்கு வேகனின் மேல் விளிம்பு நெளிந்து, பெயிண்ட் உரிந்து இரும்பு தெரியும். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பயணிகள் பெட்டியில், கழுவும்போது பிரஷ் எட்டுகிற பரப்பு வெளிறியிருக்கும். ஜன்னல் மூலையில் அழுக்கு தங்கியிருக்கும். வாசல் கைப்பிடிக் கம்பி கைபட்டுக் கைபட்டு மின்னும். ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாறு வழிந்த கறை. அதை 'வானிலை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. பழமையூட்டல்: பழையதாகக் காட்டுவது நோக்கமல்ல, பணிமனையிலிருந்து வந்து சில மாதமே ஆன வண்டிக்கும் இதைச் செய்கிறோம். அழுக்கேற்றல்: வெளிறலும் கைப்பிடியின் மினுக்கமும் அழுக்கில் சேராது. நாட்படுத்தல் கேட்க அழகுதான், ஆனால் 'நாள்பட்ட' என்றதும் மூட்டுவலி ஞாபகம் வருகிறது.

என் பரிந்துரை புழக்கமேற்றல். மெருகேற்றல், உருவேற்றல், முறுக்கேற்றல் எல்லாம் ஏற்கெனவே நாவில் இருப்பதால் இதுவும் உறுத்தாது. வினையாகப் 'புழக்கமேற்று', பெயரெச்சமாகப் 'புழக்கமேற்றிய வேகன்', கிடைக்கும் விளைவுக்குப் 'புழக்கத் தோற்றம்' என்று எல்லாப் பக்கமும் வளைகிறது. 'மெருகேற்றல்' நேர் எதிர்ச்சொல்லாக அமைந்துவிடுவது கூடுதல் லாபம்.

———

தம்பிக்கு,

விளக்கம் நன்றாக இருந்தது. சொல்லில்தான் எனக்கு இரண்டு நெருடல்.

> மற்றதெல்லாம் அந்த வண்டி வேலை செய்த தடம்.

ஓடுகிற வண்டிக்குச் சரி. யார்டின் கடைசித் தடத்தில், முட்செடி முளைத்து, ஓட்டமே இல்லாமல் கிடக்கிற பெட்டியை என்ன செய்வீர்கள்? அதில் புழக்கமே இல்லையே. அதையும் ஆட்கள் ஆசையாகச் செய்கிறார்கள். இரண்டாவது, 'புழக்கம்' என்றால் பணப்புழக்கம், ஆள்புழக்கம் என்றுதான் எனக்கு முதலில் ஓடுகிறது. பொருள் எங்கோ போய்விடுகிறது.

பழக்குதல் என்று வைத்தால் என்ன? புதுத் தோசைக்கல்லைப் 'பழக்கி' எடுப்பது வீட்டுக்கு வீடு தெரிந்த வழக்கு. எண்ணெய் தடவி, சூடு காட்டி, கல் கறுத்துப் பளபளப்பு போன பிறகுதான் அது கல். வேகனையும் அப்படிப் பழக்குகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு சுருக்கம்! ஆறே எழுத்தில் முடிகிறது.

———

குழுவினருக்கு, கொழும்பிலிருந்து.

எங்கள் பக்கம் 'பாவித்த கார்', 'பாவித்த சாமான்' என்றுதான் கதைப்போம். அதனால் 'பாவனைத் தோற்றம்' என்பதையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று எழுத வந்தேன். எழுதும்போதே ஒரு சிக்கல் தெரிந்தது: உங்கள் பக்கம் பாவனை என்றால் நடிப்பு. ஒருவகையில் அதுவும் பொருந்துகிறது, ஓடாத வண்டியை ஓடினதாகக் காட்டுகிறோம்தானே. ஆனால் கலைச்சொல்லுக்குள் சிலேடை வேண்டாம். புழக்கம் எங்களுக்கும் விளங்கும். 'வானிலையாலழிதல்' பரிந்துரையை மீளப் பெறுகிறேன். அது பாறைக்கே இருக்கட்டும்.

———

ஐயாவுக்கும் கொழும்பு நண்பருக்கும் நன்றி.

கைவிடப்பட்ட பெட்டி பற்றி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. அந்த இரண்டும் ஒரே வேலை அல்ல என்றே நினைக்கிறேன். ஓடுகிற வேகனில் அழுக்கு கீழிருந்து மேலே ஏறும்: சக்கரம், அடிச்சட்டம், பெட்டியின் கீழ்விளிம்பு என்ற வரிசையில். நின்றுபோன வண்டியில் மேலிருந்து கீழே இறங்கும்: கூரையில் பாசி, ஜன்னல் சட்டத்தில் துரு, பக்கத்தில் வழிந்த கோடு. சக்கர விளிம்பின் பளபளப்பும் போய், அங்கேயும் துரு ஏறியிருக்கும். தூரிகை போகும் திசையே மாறிவிடுகிறது. ஆகவே நின்ற வண்டிக்கு 'வானிலைச் சிதைவு' என்ற பழைய சொல்லையே வைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடக்கும் இரண்டையும் நாம் பிரித்துச் சொல்ல முடியும்.

'பழக்குதல்' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கல்லைப் பழக்குவது தோசை ஒட்டாமல் வருவதற்காக, கறுப்பு நிறத்துக்காக அல்ல. மாதிரி ரயிலிலும் அந்தப் பொருளில் ஒரு வேலை இருக்கிறது: புது எஞ்சினை முதலில் மெதுவாக இரண்டு திசையிலும் வட்டமாக ஓடவிட்டு, பல்சக்கரங்களைப் படியவைப்பது. 'பழக்குதல்' என்பதை அதற்கு எடுத்து வைத்துவிடுவோமே. எஞ்சினைப் பழக்கிவிட்டுத்தான் புழக்கமேற்ற வேண்டும். செய்கிற வரிசையும் அதுதான்.

பணப்புழக்கக் குழப்பம் எழுத்தில் வரும் என்று தோன்றவில்லை. 'ஏற்றல்' கூடவே வருகிறது; வேகனும் தூரிகையும் பக்கத்திலேயே நிற்கின்றன.

முதன்மைச் சொல் இப்படி நின்றால், இதன் கீழே வருபவற்றையும் பேசிவிடலாம். 'வாஷ்' என்பதற்கு யாரோ 'கழுவல்' என்று போட்டிருந்தார்கள். அது வேண்டாம். தின்னரில் நன்றாகக் கரைத்த பழுப்புப் பெயிண்டைப் பெட்டி முழுவதும் தடவி, காய்வதற்குள் தட்டையான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து எடுக்கிறோம். மேற்பரப்பில் இருப்பது போய், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியைச் சுற்றியும் தகட்டு இணைப்பிலும் தங்குவது மட்டும் நிற்கிறது. கழுவினால் அழுக்கு போகும், இங்கே வருகிறது. அதனால் இடுக்குப் பூச்சு.

'ட்ரை பிரஷ்' இதற்கு நேர் மாறு. தூரிகையில் பெயிண்டைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, காய்ந்த மயிரால் லேசாகத் தீற்றினால் ரிவெட்டின் தலையிலும் விளிம்பிலும் மட்டும் நிறம் ஒட்டும். உலர்தூரிகை என்று சொன்னால் கருவி தெரிகிறது, பலன் தெரியவில்லை. மேட்டுத் தீற்றல் எப்படி? இடுக்குக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று என்று ஜோடியாக நினைவில் நிற்கும். தூளாக வரும் 'பிக்மென்ட்'டுக்கு நிறமித்தூள் போதும், அதில் பேச ஒன்றுமில்லை.

தடுமாறுவது 'சிப்பிங்'கில்தான். பெயிண்ட் செதில் செதிலாகப் போய் அடியில் துரு தெரிவது. முதலில் துருநிறம் அடித்து, அதன்மேல் உப்புக்கல்லைத் தூவி, மேலே சாம்பல் நிறம் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் வருமே, அது. 'பெயர்வு' என்றால் இடப்பெயர்வு ஞாபகம் வருகிறது. 'உதிர்வு' என்றால் முடி. பேச்சில் பெயிண்ட் உரிந்துபோச்சு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், அதிலிருந்து 'உரிசல்' என்று எடுக்கலாமா? அல்லது 'செதிலுரிவு'? ஐயா, 'உரிசல்' உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். கொழும்பிலும் அது வழக்கில் உண்டா?