பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தால் தவறு தெரிகிறது, அப்படியென்றால் அது அலட்சியம்தானா?

கீர்த்தி_டப்ளின்:
அயர்லாந்தின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமான செர்விக்கல்செக்கிலிருந்து பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஆபீஸில் ஒருத்தர் விக்கி ஃபெலன் என்ற பெண்ணின் விஷயத்தைச் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. 2011இல் அவருடைய ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்களை எடுத்து ஸ்லைடில் வைத்துப் பார்க்கும் சோதனை) நார்மல் என்று ரிப்போர்ட், 2014இல் புற்றுநோய், அப்புறம் புற்றுநோய் வந்தவர்களின் பழைய சோதனைகளைத் திரும்பப் பார்த்த தணிக்கையில் அதே ஸ்லைடை எடுத்துப் பார்த்தால் நார்மல் இல்லையாம். அதை 2017இல்தான் அவரிடம் சொன்னார்கள். இந்த மாதிரி 221 பெண்களாம். எல்லாமே லேப்காரர்களின் அலட்சியமா? எதை நம்பிப் போவது?

சுந்தர்_சைட்டாலஜி:
ஸ்லைடு படிக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும், அதில் சந்தேகப்படும்படி சில மட்டும் ஓர் ஓரத்தில் இருக்கலாம். முதல் தடவை படிப்பவருக்கு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் என்ன ஆகப்போகிறது என்று தெரியாது. தணிக்கையில் படிப்பவருக்கோ புற்றுநோய் வந்தது தெரியும், தேடித்தான் பார்ப்பார். விடை தெரிந்த பிறகு கணக்குப் போடுவது மாதிரி. அதனால்தான் நியாயமாகச் செய்யவேண்டுமென்றால் அந்த ஸ்லைடை மற்ற ஸ்லைடுகளோடு கலந்து, எது என்று சொல்லாமல் படிக்கக் கொடுக்கவேண்டும். பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரியான ஆர்சிஓஜியின் குழு அயர்லாந்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த 1,038 பெண்களின் விவரங்களைப் பார்த்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 308 பேரின் முடிவு முதலில் வந்ததிலிருந்து வேறாக இருந்தது, அதில் 159 பேருக்குத்தான் முன்னாலேயே தடுக்கவோ கண்டுபிடிக்கவோ வாய்ப்பு தவறியிருக்கலாம் என்றார்கள். திட்டம் சரியாகத்தான் நடக்கிறது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

பாலா_கார்க்:
சுந்தர் சார், இதெல்லாம் சரி, ஆனால் கோபம் ஸ்லைடு படித்ததைப் பற்றி மட்டுமில்லையே. தணிக்கை முடிவு கையில் இருந்தும் 162 பேரிடம் சொல்லவே இல்லை என்பது 2018இல் வெளியே வந்தது. டாக்டர்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டு நோயாளியிடம் யார் சொல்வது என்று இழுத்தடித்தார்கள், அதைவிடக் கொடுமை, அந்தப் பெண் இறந்துவிட்டால் ஃபைலில் குறித்துவைத்தால் போதும் என்று டாக்டர்களுக்கு வந்த சுற்றறிக்கையிலேயே இருந்தது. இதற்கும் மைக்ராஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம்? ஸ்லைடுகள் எங்கே போகின்றன என்றுகூடத் திட்டத்தை நடத்தியவர்களுக்கு முழுசாகத் தெரியவில்லை. இதை விசாரிக்க அரசு நியமித்த டாக்டர் கேப்ரியல் ஸ்காலி தோண்டத் தோண்ட, கடைசியில் 16 லேப்கள் என்று 2019இல் தெரிந்தது. அலட்சியமா என்ற கேள்விக்கு நீதிமன்றமும் பதில் சொல்லியிருக்கிறது. இதே மாதிரி பாதிக்கப்பட்ட ரூத் மோரிசி என்ற பெண்ணின் வழக்கில், முழு உறுதி இல்லாமல் ஸ்லைடை நார்மல் என்று எழுதக் கூடாது என்றார் நீதிபதி, 2020இல் உச்ச நீதிமன்றத்திலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

சுந்தர்_சைட்டாலஜி:
சொல்லாமல் மறைத்ததை நான் நியாயப்படுத்தவே இல்லை பாலா. தணிக்கை செய்கிறோம் என்றால் முடிவு அந்தப் பெண்ணுக்குப் போயே ஆகவேண்டும். ஆனால் 'முழு உறுதி' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் சந்தேகம் வரும் ஒவ்வொருவரையும் மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதுதான், கிளினிக்கெல்லாம் நிரம்பிவிடும்.

மல்லிகா:
இரண்டு பேரும் சண்டை போட்டதில் கீர்த்தியின் கேள்வியை விட்டுவிட்டீர்கள். கீர்த்தி, 2020 மார்ச்சிலிருந்து அங்கே முதலில் இந்தப் புற்றுநோயை வரவைக்கும் எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், இருந்தால் மட்டும் எடுத்த அதே சாம்பிளில் செல்களைப் பார்ப்பார்கள். ஆயிரம் பெண்களில் சுமார் 20 பேருக்குச் செல் மாற்றம் இருக்கும் என்றால் பழைய முறை 15 பேரைக் கண்டுபிடிக்கும், இது 18 பேரை. தவறிப்போகும் அந்த இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள், அதை மறைத்துப் பேசுவதில்தான் பாதிப் பிரச்சினையே. 2023இல் வந்த நோயாளிப் பாதுகாப்புச் சட்டப்படி, புற்றுநோய் வந்த பெண் தன் பழைய பரிசோதனையை மறுபடி பார்க்கச்சொல்லிக் கேட்கலாம். போய் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ரத்தக்கசிவு ஏதாவது இருந்தால், நார்மல் ரிப்போர்ட் இருக்கிறதே என்று வீட்டில் உட்காராமல் ஜிபியை (குடும்ப டாக்டரை) பாருங்கள்.

கீர்த்தி_டப்ளின்:
நன்றி மல்லிகா அக்கா. அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஸ்லைடு எந்த லேபுக்குப் போகும் என்று நர்ஸிடம் கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பாலா_கார்க்:
தாராளமாகக் கேளுங்கள்.