வாகனம் பிடிக்காமல் மூன்று நாள் சென்னை: அம்மாவோடு போய்வர முடியுமா?

கேள்வி: கல்லடி, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கூறைச்சாறியும் மற்ற உடுப்புகளும் எடுப்பதற்காக அம்மா, தங்கச்சி, நான் ஆகிய மூவரும் மாசி மாதத்தில் சென்னைக்குப் போக இருக்கிறோம். கையில் இருப்பவை மூன்று முழுப் பகல்கள் மட்டுமே. தி. நகர்க் கடைகளோடு மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், வடபழனி முருகன் கோயில், எழும்பூர் அருங்காட்சியகம் ஆகியவற்றையும், நேரம் இருந்தால் மாமல்லபுரத்தையும் பார்க்க விரும்புகிறோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, விபுலாநந்த அடிகள் 1924இல் துறவு பூண்ட மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை ஒருதடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது கல்லடி மிஷனோடு சேர்ந்தே வளர்ந்த அம்மாவின் நெடுநாள் ஆசை.

எங்கள் நகரில் கோட்டையிலிருந்து கல்லடிப் பாலம்வரை நடந்தே வந்துவிடலாம். சென்னையின் வரைபடத்தைப் பார்த்தால், நாங்கள் நினைத்திருக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் கிடக்கின்றன. உறவினர்கள் எல்லோரும் மூன்று நாளுக்கும் சாரதியோடு ஒரு காரைப் பிடிக்கும்படி சொல்கிறார்கள். அந்தப் பணத்தைச் சாறியில் போடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இருப்பதால் அதிகம் படி ஏற முடியாது. ரயிலையும் ஆட்டோவையும் நம்பி இந்தப் பயணத்தைத் திட்டமிடலாமா? அப்படியானால் எந்தப் பகுதியில் அறை எடுப்பது நல்லது?

பதில்: காத்தான்குடி

சகோதரி, துணி வியாபாரத்துக்காகச் சென்னைக்குப் போய்வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கார் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய முதல், எங்கே தங்குவது என்பதை முடிவு செய்யுங்கள். சென்னை போன்ற பரந்த நகரத்தில் அறை இருக்கும் இடம் பிழைத்தால், காரில் போனாலும் பகலின் பாதி வீதியிலேயே கழிந்துவிடும். என்னுடைய ஆலோசனை எழும்பூர். மெட்ரோவின் பச்சை வழித்தடமும், கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலும் அங்கே சந்திக்கின்றன. எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டி நான்காவது நிறுத்தம் மாம்பலம். தி. நகரின் ரங்கநாதன் தெரு அந்த நிலையத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. வடபழனிக்கு மெட்ரோவில் இடையில் மாறாமல் போகலாம்.

அறை எடுக்கும்போது ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் விடுதி அவர்களுடைய விபரங்களை அரசுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்த ஏற்பாடு இல்லாத சிறிய விடுதிகள், இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்லிவிடும். பதிவு செய்வதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, மூவரும் இலங்கையர் என்பதைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பல விடுதிகளில் நீங்கள் உள்ளே வரும் நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாளாகக் கணக்கிடப்படும். அதையும் கேட்டு வைத்தால் கடைசி நாளில் பொதிகளோடு அலையும் நிலை வராது.

சௌகார்பேட்டைப் பக்கம் போகச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் கொடவுன் தெரு கிட்டத்தான். ஆனால் அது கட்டுக் கட்டாக வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்குரிய இடம். ஒரு கூறைச்சாறிக்காக அம்மாவை அந்த நெரிசலுக்குள் நடத்த வேண்டாம்.

பதில்: அக்கரைப்பற்று

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. முழங்கால் வருத்தம் உள்ள ஒருவரோடு போகும்போது செலவைவிட உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட்டும் எஸ்கலேட்டரும் உண்டு என்பது உண்மை. மின்சார ரயில் அப்படியல்ல. ஒரு நடைமேடையிலிருந்து அடுத்ததற்குப் போகப் பல நிலையங்களில் மேம்பாலப் படிகளைத்தான் ஏறி இறங்க வேண்டும். காலை எட்டு மணி தொடக்கம் பத்தரைவரையும் மாலை ஐந்து தொடக்கம் எட்டுவரையும் பெட்டிகளில் நிற்கவே இடம் கிடைப்பது அரிது. அங்கே ‘8 மணி நேரம் 80 கிலோமீற்றர்’ என்ற கணக்கில் சாரதியோடு கார் தருகிறார்கள். மூன்று நாளும் வேண்டாமென்றால், ஒரு நாளுக்காவது அதை எடுங்கள்.

பதில்: கல்முனை, ஓய்வுபெற்ற ஆசிரியை

மகள், உங்கள் கேள்வியைப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். அடிகளாரின் சொந்த ஊரான காரைதீவு எங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் சில காலம் ‘இராமகிருஷ்ண விஜயம்’ இதழின் ஆசிரியராக இருந்து எழுதிய அந்த மடத்தை அம்மா கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றவை தவறினாலும் இது தவறக்கூடாது என்று வைத்துக்கொண்டு திட்டத்தைப் போடுங்கள்.

அக்கரைப்பற்று அன்பர் படிகளைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் தி. நகருக்குக் கார் எடுப்பதால் முழங்காலுக்கு ஒரு நன்மையும் இல்லை. பாண்டி பஜாரின் நடைபாதையை 2019இல் அகலமாக்கி, நடப்பவர்களுக்கென்றே ஒழுங்கு செய்திருக்கிறார்கள். ரங்கநாதன் தெருவுக்குள் காரே நுழைய முடியாது. ஆகவே கார் உங்களை ஒரு மூலையில் இறக்கிவிட்டு எங்கேயோ போய் நிற்கும், நீங்கள் எப்படியும் நடக்கத்தான் வேண்டும், திரும்பும்போது அது எங்கே நிற்கிறது என்று தேடவும் வேண்டும். மாம்பலம் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம், லிஃப்ட் வசதியும் உண்டு. அம்மா ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இறங்காமலே அந்தப் பக்கம் போய்விடலாம்.

நான் செய்வது இதுதான்: ஒரு பகலுக்கு ஒரு திசை. காலையில் ஒரு பக்கம், பிற்பகலில் நகரத்தின் மறுகோடி என்று அலையக்கூடாது. வெறுங்கையோடு போகும்போது ரயிலிலும், பொதிகளோடு திரும்பும்போது ஆட்டோவிலும் வர வேண்டும். ரயிலில் ஏறுவதைக் காலைப் பத்தரைக்குப் பின்னர் வைத்துக்கொண்டால் நெரிசல் குறைந்திருக்கும். மின்சார ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு, மூவரும் பெண்கள் என்பதால் அவற்றிலேயே ஏறுங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 தொடக்கம் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அம்மாவோடு பேருந்தில் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், படி உயரம்.

மயிலாப்பூருக்கு எழும்பூரிலிருந்து ரயிலில் போவதென்றால் இடையில் மாற வேண்டும், அந்தப் பக்கம் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் நிலையங்களும் உயரமானவை. அந்த ஒரு போக்குக்கு நேரே ஆட்டோ பிடியுங்கள். காலை எட்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள், ஏனென்றால் கோயில், மடம் இரண்டுமே நண்பகலில் பூட்டப்பட்டுப் பிற்பகலில்தான் மீண்டும் திறக்கப்படும். முதலில் மடத்துக்குப் போய் அம்மா ஆறுதலாக இருந்துவிட்டு, பிறகு கபாலீசுவரர் கோயிலுக்கு வாருங்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைகளால் மயிலாப்பூரில் சில வீதிகள் மாற்றிவிடப்பட்டிருப்பதால், ஆட்டோ சுற்றிப் போனால் சாரதி ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

எழும்பூரில் தங்குவதில் காத்தான்குடித் தம்பி சொல்லாத இன்னொரு வசதியும் உண்டு. அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலையிலேயே தமிழ்நாட்டு நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸின் பெரிய விற்பனை நிலையமும் இருக்கிறது. முதலில் அங்கே காஞ்சிபுரப் பட்டின் விலையையும் தரத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் தி. நகருக்குப் போனால், கடைக்காரர் சொல்லும் விலை நியாயமானதா என்பது உங்களுக்கே விளங்கும். எங்கே எடுத்தாலும் சாறியில் தூய பட்டு என்பதைக் காட்டும் ‘சில்க் மார்க்’ சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தி. நகருக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முழு நகரமும் அன்றுதான் அங்கே கூடும்.

கேள்வி கேட்டவர்: கல்லடி

ரீச்சர், மிகவும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கேட்டு அவர் கண்கலங்கிவிட்டார்.

இன்னும் சில சந்தேகங்கள் இருக்கின்றன. எங்கள் விமானம் இரவு பதினொரு மணிக்குப் பின்னர்தான் சென்னையில் இறங்குகிறது, அந்த நேரத்தில் எப்படி எழும்பூருக்குப் போவது? அங்கே எல்லோரும் கையடக்கத் தொலைபேசியாலேயே பணம் செலுத்துவதாகச் சொல்கிறார்கள், எங்களிடம் இந்திய வங்கிக் கணக்கு இல்லை. மாமா முந்தி ஒருதடவை போய்வந்தபோது மிஞ்சிய இந்திய நோட்டுகள் சிலவற்றைத் தந்திருக்கிறார், அவற்றில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளும் உண்டு. மாமல்லபுரத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பதில்: காத்தான்குடி

இரவு பதினொரு மணியோடு மெட்ரோ ஓய்ந்துவிடும், நீங்கள் குடிவரவு முடித்து வெளியே வரும்போது அது இருக்காது. விமான நிலையத்தில் முற்கட்டண டாக்ஸி முகப்பு இருக்கிறது. அங்கே எழும்பூர் என்று சொல்லிப் பணத்தைக் கட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டு ஏறினால் இடையில் பேரம் பேச வேண்டி வராது. சீட்டை இறங்கும்வரை கையில் வைத்திருங்கள்.

இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளை நம்பிப் போக வேண்டாம். அவற்றைத் திரும்பப் பெறுவதாக இந்திய ரிசர்வ் வங்கி 2023 மே மாதத்தில் அறிவித்துவிட்டது, கடைகளில் வாங்க மாட்டார்கள். ஆட்டோவுக்கும் ரயிலுக்கும் நூறு, ஐம்பது, இருபது ரூபாய்த் தாள்களை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவின் ஆகக்கூடிய கட்டணமே 50 ரூபாய்தான், மின்சார ரயிலில் ஐந்து ரூபாய்க்கும் பயணச்சீட்டு உண்டு. ஐந்நூறு ரூபாயை நீட்டினால் சில்லறைக்குத் தவிக்க வேண்டி வரும். பெரிய துணிக்கடைகளில் இலங்கை வங்கிகளின் விசா, மாஸ்டர் அட்டைகள் செல்லும். வெளிநாட்டில் பாவிப்பதற்கு அந்த அட்டையைத் திறந்துவிடும்படி இங்கே உங்கள் வங்கியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இங்கே நாங்கள் வாகனம் அழைக்கப் பாவிக்கும் பிக்மீ செயலி அங்கே இல்லை. கொழும்பில் பாவிக்கும் ஊபர் செயலி அப்படியே வேலை செய்யும், பணத்தைக் கையிலும் கொடுக்கலாம். இந்திய சிம் வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் கேட்பார்கள், வாங்கிய உடனே அது இயங்காமலும் இருக்கலாம். ஆகவே முதல் இரவுக்காவது உங்கள் இலங்கை எண்ணில் ரோமிங்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.

பதில்: அக்கரைப்பற்று

மாமல்லபுரம் நகரத்துக்குள் இல்லை. தெற்கே ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது, போய்வர ஒரு பகல் முழுவதும் முடிந்துவிடும். நான் மேலே சொன்ன ஒரு நாள் காரை எடுப்பதென்றால் அதற்குத்தான் எடுக்க வேண்டும் என்பது இப்போது எனக்கும் தெளிவாகிறது, நகரத்துக்குள் சுற்ற அது தேவையில்லை. ஆனால் போய்வரும் தூரம் நூறு கிலோமீற்றரைத் தாண்டுவதால் 80 கிலோமீற்றர் கணக்கு போதாது, கூடிய தூரத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அந்தச் சின்னங்களுக்கு, இலங்கை உட்பட்ட தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாட்டவர்களிடமும் இந்தியருக்குரிய கட்டணமே அறவிடப்படுகிறது. வெளிநாட்டவர் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. எனவே கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோய், இலங்கையர் என்று சொல்லிச் சீட்டு வாங்குங்கள்.

பதில்: கல்முனை, ஓய்வுபெற்ற ஆசிரியை

என்னைக் கேட்டால் இந்தத் தடவை மாமல்லபுரத்தை விட்டுவிடுங்கள், மகள். கல்யாணத்துக்குச் சாறி எடுப்பவர்கள் முதல் நாள் பார்த்ததை அடுத்த நாள் மறுபடியும் போய்ப் பார்க்காமல் திரும்புவதில்லை. சட்டைத் துணி, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி என்று பட்டியல் அங்கே போனபின் நீளும். தங்கச்சிக்கு மனம் நிறைய எடுப்பதற்கு அந்தப் பகல் வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கல்லடி

தங்கச்சியும் அதையேதான் சொல்கிறாள். மாமல்லபுரத்தை விட்டுவிட்டோம். முதல் நாள் காலை மயிலாப்பூர், பிற்பகல் ஓய்வு. இரண்டாம் நாள் கோ-ஆப்டெக்ஸும் அருங்காட்சியகமும், மாலையில் நெரிசல் தொடங்க முதல் மெட்ரோவில் வடபழனி. மூன்றாம் நாள் முழுவதும் தி. நகர். எழும்பூரில் இலங்கையரை ஏற்கும் விடுதி ஒன்றோடு பேசி முடித்துவிட்டேன். திரும்பும் விமானம் நான்காம் நாள் காலை எட்டு மணிக்குச் சற்று முந்தி. மெட்ரோவில் போகலாமா?

பதில்: காத்தான்குடி

முதல் மெட்ரோ காலை ஐந்து மணியளவில்தான் புறப்படும். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முந்திப் போகச் சொல்வதால் நீங்கள் அதற்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும், ஆகவே அன்று மெட்ரோ சரிவராது. முதல் நாள் இரவே விடுதிக்காரரிடம் சொல்லி, நாலு மணிக்கு டாக்ஸி ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன்: தி. நகரை இரண்டாம் நாளுக்கு எடுத்து, அருங்காட்சியகத்தையும் வடபழனியையும் மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். ரீச்சர் சொன்னபடி முதலில் விலை பார்ப்பதற்காகக் கோ-ஆப்டெக்ஸை முதல் நாள் பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். சாறிக்குத் தொங்கல் அடித்து ஓரம் தைத்துத் தரப் பல கடைகளில் ஒரு நாள் கேட்பார்கள், மூன்றாம் நாள் மாலை வடபழனியால் வந்து அதை எடுத்துக்கொள்ளலாம். நாள் குறிக்கும்போது இரண்டாம் நாள் ஞாயிறாகவும் மூன்றாம் நாள் வெள்ளியாகவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.